அழைப்பவர் எங்கே இருக்கிறார்?

(திருமுடிவாக்கத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். உடனிருப்பவர் கைப்பேசியில் 108-ஐ அழைக்கிறார். "எந்த இடம்?" என்று மறுமுனையில் கேட்கிறார்கள். பதற்றத்தில் ஊர்ப் பெயரைத் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. திருமுடிவாக்கமோ, பெயரைச் சொன்னவுடன் வீட்டைக் கண்டுபிடித்துவிடக்கூடிய சிற்றூர் அன்று. சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது, வெளிவட்டச் சாலை இருக்கிறது, அடையாற்றங்கரை இருக்கிறது. "கைப்பேசியே இடத்தைக் காட்டிவிடுமே!" என்று பலர் எண்ணுகின்றனர். காட்டும் என்பது மெய்யே. எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதுதான் கேள்வி.

இடம் அளக்கும் கலை நமது சுற்றுப்புறத்துக்குப் புதிதன்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்ப்டன் என்பவர், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள கோடு ஒன்றைச் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் பணிக்கு அதுவே அடிப்படையாயிற்று. தெரிந்த இடங்களைக் கொண்டு தெரியாத இடத்தைக் காண்பதே அதன் தத்துவம். கைப்பேசி விஷயத்திலும் தத்துவம் அதுவே. லாம்ப்டன் கோணங்களை அளந்தார். இங்கே பெரும்பாலும் நேரம் அளக்கப்படுகிறது.

ரேடியோ அலை ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர் சென்றுவிடும். ஆகையால் நேரத்தில் இம்மியளவு பிழை நேர்ந்தாலும் ஒரு தெரு தள்ளிப் போய்விடும். ஒரே ஒரு கோபுரத்தோடு மட்டும் தொடர்பு இருக்குமாயின், 'இந்தக் கோபுரத்தைச் சுற்றி எங்கோ இருக்கிறார்' என்றுதான் அறிய முடியும். பழைய 2ஜி முறையில் தூரத்தைச் சுமார் 550 மீட்டர் படிகளாகவே கணக்கிட முடிந்தது. கோபுரங்கள் விலகி நிற்கும் கிராமப்புறத்தில் பிழை கிலோமீட்டர் கணக்கில் போகும். மூன்று கோபுரங்களின் அலை எட்டினால் நிலைமை வெகுவாகத் திருந்தும். எங்கள் தெருவில் கோபுரமே கூடாது என்று மனுக் கொடுப்போர் இதனையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

மிக நுட்பமான வழி செயற்கைக் கோள்களின் வழி. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்களில் குறைந்தது நான்கின் அலை கிடைக்க வேண்டும். திறந்த வயலில் நிற்கும் விவசாயியின் இடத்தைச் சில மீட்டர் பிழையோடு அது சொல்லிவிடும். ஆனால் தகரக் கூரையிட்ட பட்டறைக்குள்ளும் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளும் அந்த மெல்லிய அலை எளிதில் நுழைவதில்லை. அங்கே அருகிலுள்ள வைஃபை கருவிகளின் அலையைக் கொண்டு கைப்பேசி இடத்தை ஊகிக்கிறது. நமது நாட்டின் நாவிக் அமைப்புக்கு முதற்கோள் 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

அமெரிக்காவில் அவசர அழைப்புகளில் மூன்றில் இரண்டு பங்கையேனும் 125 மீட்டருக்குள் காட்ட வேண்டுமென 1996-இல் விதி செய்தனர். 2015-இல் அதை 50 மீட்டராகக் குறுக்கினர். நம் நாட்டிலும் 2018 ஜனவரி முதல் விற்கப்படும் கைப்பேசிகளில் இடம் காட்டும் வசதி இருக்க வேண்டுமென மத்திய அரசு 2016-இல் ஆணையிட்டது. ஆயினும் கருவி இருந்தும் 'லொகேஷன்' என்னும் பகுதியை அணைத்து வைத்திருப்போர் பலர். பேட்டரி தீர்ந்துவிடுமென்று அஞ்சுகிறார்கள். அவசர நேரத்திலாவது அதனைத் திறந்து வைத்து, கூரைக்கு வெளியே வந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். கடன் கொடுக்கிறோம், பரிசு கொடுக்கிறோம் என்று வரும் செயலிகளுக்கெல்லாம் அந்த அனுமதியை அளிக்க வேண்டுவதில்லை.

ஐம்பது மீட்டர் என்பது நெருக்கமான தெருவில் பத்து வீடுகள். அந்தப் பத்து வீடுகளுக்குள் சரியான வீட்டைக் காட்டுவது ஊராட்சியின் வேலை. தெரு முனைகளில் பெயர்ப் பலகையும், கதவுகளில் அழியாத எண்ணும் வேண்டும். வண்டிப் பாதை பிரியும் இடங்களிலும் பலகை நட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஆற்றங்கரைப் பகுதியில் இது மிகவும் அவசியம். ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டைச் சுற்றிப் பார்த்து, பலகையில்லாத முனைகளின் பட்டியலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.