உட்கவர்தலும் உட்கவர்வும்



மொழியியல் கற்றோர் உயிரியல் ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஒரு சொல்லே நம்மை அங்கு அழைத்துச் சென்றது. பல்லாண்டுகளுக்கு முன் கலைச்சொற்குழு ஒன்றில் பணியாற்றியபோது, ஒளியைப் பொருள் உள்வாங்கும் செயலுக்கும், அதனை அளந்து கருவி காட்டும் எண்ணுக்கும் 'உறிஞ்சுதல்' என ஒரே சொல்லைப் பரிந்துரைத்தோம். அது நம் பிழை. அதனை உணர்த்தியவர் ஒரு மாணவி.

உயிரணுவிலிருந்து பிரித்தெடுத்த டிஎன்ஏ கரைசல் நீர்போல் தெளிந்திருக்கும். அதில் எவ்வளவு டிஎன்ஏ உள்ளது என்பதைக் கண்ணால் அறிய இயலாது. எனவே அதனூடே புறஊதா ஒளியைச் செலுத்துகின்றனர். டிஎன்ஏவின் காரமூலங்கள் 260 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை மிகுதியாக உட்கவர்பவை. கரைசலை ஊற்றும் சிறு கலம் குவார்ட்சு போல் அவ்வொளியை ஊடுருவவிடும் பொருளால் ஆனதாக இருத்தல் வேண்டும். சாதாரணக் கண்ணாடியோ அவ்வொளியைத் தானே உட்கவர்ந்துவிடும். முதலில் டிஎன்ஏ இல்லாத கரைப்பானை வைத்துக் கருவியைச் சுழியத்தில் நிறுத்துவர். பின்னர் மாதிரியை வைத்தால், மறுபுறம் வந்துசேராத ஒளியைக் கொண்டு கருவி ஓர் எண்ணைத் தரும்.

அம்மாணவி கேட்டது இதுதான்: "உறிஞ்சுதல் 1 என்றால் ஒளி முழுவதும் உறிஞ்சப்பட்டுவிட்டதல்லவா? பிறகு 2 எப்படி வரும்?"

நாம் தந்த சொல்லின்படி அவர் எண்ணியது சரியே. ஆனால் அந்த எண் ஒரு மடக்கை. 1 எனில் புகுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு வெளிவருகிறது. 2 எனில் நூறில் ஒரு பங்கு. உட்கவரப்பட்ட ஒளி 90 விழுக்காட்டிலிருந்து 99க்கே உயர்ந்திருக்க, எண் இருமடங்காகிறது. கரைசலின் ஒவ்வொரு படலமும் தன்னிடம் வந்த ஒளியில் ஒரே விகிதத்தைக் கவர்ந்துகொள்வதால், மடக்கையே செறிவுக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. பீர், லாம்பர்ட் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி இதுவே.

கணக்கு எளிது. ஒளி 1 சென்டிமீட்டர் தொலைவு கடக்கையில் எண் 1 எனில், ஈரிழை டிஎன்ஏ மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம். 10 மைக்ரோலிட்டர் மாதிரியுடன் 990 மைக்ரோலிட்டர் நீர் சேர்த்து 0.25 என்ற எண் கிடைத்தால், 0.25 × 50 × 100, அதாவது மூலக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 1250 மைக்ரோகிராம். ஓரிழை டிஎன்ஏ எனில் 50க்குப் பதில் 33. ஈரிழையைச் சூடாக்கிப் பிரித்தால், டிஎன்ஏ சற்றும் கூடாமலே எண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்துவிடும். அடுக்கி நின்ற காரமூலங்கள் விலகி, ஒளியை மேலும் கவர்வதே காரணம். ஆர்என்ஏ கலந்திருந்தாலும் எண் கூடும். புரதக் கலப்பை அறிய 280 நானோமீட்டரிலும் அளந்து, 260இன் எண்ணை அதனால் வகுப்பர். தூய டிஎன்ஏவுக்கு ஈவு ஏறத்தாழ 1.8, புரதம் மிகுந்தால் குறையும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'தல்' விகுதி செயலைச் சுட்டுவது. செறிதல் செயல், செறிவு அளவு. உயர்தல், உயர்வு என்பனவும் அவ்வாறே. அந்த வழியில் உட்கவர்தலைச் செயலுக்கும், உட்கவர்வைக் கருவி காட்டும் எண்ணுக்கும் கொள்ளலாம். 'உட்கவர்ச்சி' என்றார் குழுவில் ஒருவர். வகுப்பில் எழும் சிரிப்பை அடக்குவது அரிது என அதனை விட்டோம். 'வு' விகுதியும் சில சொற்களில் செயலைச் சுட்டும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இரு பொருளுக்கு இரு சொல் இருப்பின், "2 எப்படி வரும்?" எனக் கேட்கும் மாணவர்க்கு ஆசிரியர் விடையை அங்கிருந்தே தொடங்கலாம்.

அப்பழைய பட்டியல் அச்சேறிவிட்டது. அதனை இன்னும் பயன்படுத்தும் ஆசிரியர்கள் 'உறிஞ்சுதல்' என்னும் பதிவை அடித்துவிட்டு, அருகே இவ்விரு சொற்களையும் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.