மனைவியரிடம் கேட்ட கேள்வி



வளர்ந்த ஒருவருக்குக் காது மந்தமானால் மருத்துவமனையில் ஆடியோகிராம் எடுக்கிறோம். எந்த ஒலி எத்தனை டெசிபெலில் கேட்டது என்று அந்தத் தாள் சொல்லும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது புரியாமலே அவர் சிரித்து வைத்ததை அது சொல்லாது. அதை அறிய ஆளை உட்காரவைத்து, பேசவிட்டுக் கேட்க வேண்டும். பண்புசார் ஆய்வு என்பது அதுதான்.

1980களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ரேமோன் எத்யூ, லூயிஸ் கெட்டி முதலிய ஆய்வாளர்கள் அப்படித்தான் கேட்டார்கள். ஆலை இரைச்சலில் உழைத்துக் கேள்திறன் குறைந்த தொழிலாளர்கள் தங்கள் குறையை ஒப்புக்கொள்ளவே தயங்கினார்கள். ஆய்வாளர்கள் மனைவியரையும் அழைத்துப் பேசவைத்தார்கள். சத்தமாக அலறும் தொலைக்காட்சி, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும் அலுப்பு, குறைந்துபோன பேச்சு என்று வீட்டின் கதை அப்போதுதான் வெளியே வந்தது.

அந்த ஆண்கள் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. இரைச்சல் முதலில் கெடுப்பது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறனை, பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி. உயிரொலிகள் நன்றாகவே கேட்கும், பல மெய்யொலிகள் மங்கும். பாக்கு என்றாரா, பாட்டு என்றாரா? குரல் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. ஆகவே 'நீதான் முணுமுணுக்கிறாய்' என்று கணவருக்குத் தோன்றுகிறது. 'வேண்டுமென்றே கேட்காததுபோல் இருக்கிறார்' என்று மனைவிக்குத் தோன்றுகிறது. இருவரும் தமக்குத் தோன்றியதைத்தான் சொல்கிறார்கள். என் வீட்டிலும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே இந்தச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது. அதற்குப் பெயர் உண்டென்று எங்களுக்குத் தெரியாது.

ஸ்வீடனில் லில்லெமோர் ஹால்பெர்க்கும் உடன் ஆய்வாளரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய ஆண்களின் மனைவியர் நிலைமையைச் சமாளிக்கும் வழிகளை நான்காக வகுத்தது: கணவரோடு சேர்ந்து சமாளிப்பது, குறையைச் சிறிதாக்கிக் காட்டுவது, அவருக்கும் பிறருக்கும் இடையே நின்று பேச்சைக் கொண்டுசேர்ப்பது, விலகிப்போவது. நூறு ஆடியோகிராம்களைவிட எனக்கு இந்த நான்கும் அதிகம் கற்றுத்தந்தன. மூன்றாவது வழியில் நிற்பவரை நம் வீடுகளிலும் பார்க்கலாம். தொலைபேசியை எடுப்பது, வங்கியில் பதில் சொல்வது, விருந்தாளி சொன்னதைக் காதருகே திருப்பிச் சொல்வது எல்லாம் அவர்தான். அந்த உழைப்பு எந்த மருத்துவக் கோப்பிலும் ஏறுவதில்லை. இந்த இரு ஆய்வுகளிலும் கேளாமை கணவருக்கு. மனைவிக்கு வந்தால் இடையே நின்று பேசப்போவது யார் என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கேளாமையை மறைப்பதற்கு ஒரு காரணம் வெட்கம். கேளாமையோடு ஒட்டிய இழிவு பற்றி எத்யூ எழுதிய கட்டுரை 1996இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மார்கரெட் வால்ஹாகன் 2010இல் வெளியிட்ட ஆய்வு, முதுமை பற்றிய அச்சமும் தோற்றம் பற்றிய கவலையும் இந்த இழிவில் பின்னிக்கிடப்பதைக் காட்டியது. நமக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையா? 'செவிடா நீ?' என்பது நம் மொழியில் வசைதானே. கண்ணாடி போட்டுக்கொள்பவர் காது மிஷினை மட்டும் அலமாரியில் வைத்துவிடுவது ஏன் என்று இங்கிருந்து யோசிக்க வேண்டும்.

உலக அளவில் சுமார் 43 கோடிப் பேருக்குக் கேள்திறன் மறுவாழ்வுச் சேவை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்கிட்டது. அவர்களில் பலருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார்.

கேட்பியல் படிக்கும் மாணவர்களே, உங்கள் பரிசோதனை அறையில் இன்னொரு நாற்காலி போடுங்கள். உடன் வந்தவரை வெளியே காத்திருக்கச் சொல்லாதீர்கள். 'வீட்டில் எப்படியம்மா இருக்கிறது?' என்று கேட்டு, பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள்.