உரம் போட்ட புல்வெளி

லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பழைய புல்வெளி இருக்கிறது. 1856-இல் ஜான் லாஸ், ஹென்றி கில்பர்ட் என்ற இருவர் அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக உரமிட்டார்கள். சில பாத்திகளுக்கு எதுவுமே போடவில்லை. எந்த உரத்துக்குத் தீவனப்புல் அதிகம் கிடைக்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம். சோதனை இன்றும் நடக்கிறது.

புதிதாக ஒரு விதைகூடத் தூவவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே பாத்திக்குப் பாத்தி செடிகள் மாறிவிட்டன. உரமே காணாத பாத்தியில் விளைச்சல் சொற்பம். செடியினங்களோ நாற்பதை ஒட்டி. தழைச்சத்தை அள்ளிக் கொட்டிய பாத்திகளில் புல் மண்டியது, இனங்கள் குறைந்தன. சிலவற்றில் இரண்டு மூன்றுதான் மிச்சம். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் போட்ட இடத்தில் குளோவர் போன்ற பயறுவகைச் செடிகள் தழைத்தன. தழைச்சத்தைத்தான் அவை வேர்முடிச்சு வழியாகத் தாமே தேடிக்கொள்கின்றனவே!

சாப்பாடு கூடினால் ஆட்கள் குறைவானேன்? மண்ணில் சத்து குறைவாக இருக்கும்போது சண்டை வேர்களுக்குள். அதில் ஒருவரே எல்லாவற்றையும் சுருட்டிவிட முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கும். சத்து பெருகியதும் சண்டை மேலே, வெளிச்சத்துக்காக நடக்கிறது. வெளிச்சம் மேலிருந்து வருவது. நாலு விரற்கடை உயர்ந்த செடி பக்கத்துச் செடியை நிழலில் தள்ளிவிடும். நிழலில் விழுந்தது மேலும் மெலியும். உயரமாக, வேகமாக வளர்வன தங்குகின்றன. தரையோடு இலை விரிப்பன மறைகின்றன. சூரிக் பல்கலைக்கழகத்தில் உரமிட்ட புல்லுக்கு அடியில் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவின்படி, இனங்கள் அழிவது நின்றது. ரோதம்ஸ்டெட்டில் பழி முழுவதையும் நிழல்மேல் போட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தழைச்சத்துக்காகப் போட்ட அம்மோனியம் சல்பேட் மண்ணைப் புளிக்க வைத்தது. அந்த அமிலமும் பல செடிகளைத் துரத்தியது.

என்னை அதிகம் வியக்கவைப்பது இன்னொன்று. ஸ்வீட் வெர்னல் என்ற ஒரு வாசனைப் புல் அங்கே பல பாத்திகளில் இருக்கிறது. 1970-களில் அதை வெவ்வேறு பாத்திகளிலிருந்து எடுத்து ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். புல் மண்டிய பாத்தியிலிருந்து வந்தவை அங்கேயும் உயரமாகவே வளர்ந்தன. அதாவது, உயரம் பரம்பரையில் ஏறிவிட்டது. பாத்திகளுக்கு நடுவே வேலி இல்லை. மகரந்தம் காற்றில் இங்கும் அங்கும் பறக்கிறது. அப்படியிருந்தும் சில மீட்டர் இடைவெளிக்குள், சில பத்தாண்டுகளில், ஒரே இனம் இப்படிப் பிரிந்து நிற்கிறது.