மறுப்புக் கடிதம் வந்தா என்ன செய்யணும்?

இன்னிக்கு எங்க வீட்டுக் கதையையே சொல்றேன்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மார்பகத்தை அகற்றின பிறகு, மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை பண்ணிக்கலாம்னு டாக்டர் சொன்னார். இன்சூரன்ஸ்ல இருந்து ஒரே வரியில பதில்: "இது காஸ்மெட்டிக் சர்ஜரி, கவர் ஆகாது." அம்மா, "விடுடா, இந்த வயசுல எனக்கெதுக்கு?"ன்னாங்க. ஆனா டாக்டர் சொன்னப்ப அவங்க முகத்துல வந்த சந்தோஷத்தை நான் பார்த்திருந்தேன்.

பாலிசியை எடுத்து முழுசாப் படிச்சேன். ஐஆர்டிஏஐ 2019-ல வகுத்த பொதுவான விலக்குகள்ல எட்டாவது இது. அழகுக்காகச் செய்யுற சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஆனா விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு செய்யுற மறுசீரமைப்புக்கு இந்த விலக்கு பொருந்தாது.

டாக்டர்கிட்ட சான்று வாங்கி, அந்த விதியைக் குறிப்பிட்டு, கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். மூணே வாரத்துல ஒப்புக்கிட்டாங்க.

ஒருவேளை 30 நாள்ல பதில் வரலைன்னா, இல்ல வந்த பதில் சரியில்லைன்னா, ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

மறுப்புக் கடிதம் வந்தா, எந்த விலக்கைக் காட்டியிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. அதைக் கடைசி வரி வரைக்கும் படிங்க. எங்களுக்கு வேண்டியது அங்கதான் இருந்துச்சு.