யாருக்கு எந்தச் சாவி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஃபைனல் இயர் பசங்க பாதிப் பேர் புராஜெக்ட்டுன்னு வெப் அப்ளிகேஷன்தான் செய்றாங்க. அவங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது சொல்லுப்பா, பதினஞ்சு நிமிஷம்தான்" என்று சங்கச் செயலாளர் அண்ணன் கட்டளையிட்டார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அப்ளிகேஷனில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று அனுமதி கொடுக்கும் பகுதியை நாமே எழுதுவதா, ரெடிமேடாக வாங்கிக்கொள்வதா? வாங்கினால் எதை?

ரெடிமேடே நல்லது என்பது என் கட்சி. ஓவாஸ்ப் என்ற அமைப்பு வெப் அப்ளிகேஷன்களின் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்டு வருகிறது. அனுமதிச் சோதனையில் விடும் ஓட்டை 2017 பட்டியலில் ஐந்தாவது இடத்தில் இருந்தது. 2021-இல் முதலிடம். பாஸ்வேர்டைத் திருட வேண்டியதில்லை. முகவரியின் கடைசியில் இருக்கும் 41 என்ற எண்ணை 42 என்று மாற்றினால் அடுத்தவர் கோப்பு திறந்துவிடும். இவ்வளவுதான் வித்தை.

ரோல் என்றால் என்ன? நம் ஹாஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் ரூம் சாவி மெஸ் செக்ரட்டரிக்கு. அவர் பெயர் என்னவாக இருந்தாலும் சரி, பதவி மாறினால் சாவியும் கை மாறும். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் பதவிக்குக் கொடுப்பது. இதை 1992-இல் ஃபெராயோலோ, கூன் என்ற இருவர் முறையான கட்டுரையாக எழுதினார்கள். 2004-இல் அமெரிக்கத் தரநிலையாகவே ஆயிற்று. இன்று கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்பவைதான்.

ஆனால் இந்த அஸ்திவாரம் மட்டும் போதுமா? சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு எங்கள் குழு ஒரு அப்ளிகேஷன் செய்தது. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதெல்லாம் வேண்டாம். ஜாங்கோவில் எழுதினோம். ஜாங்கோவோடு ஒரு அனுமதி ஏற்பாடு இலவசமாகவே வருகிறது. ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் சேர்க்க, திருத்த, நீக்க, பார்க்க என்று நான்கு அனுமதி. டாக்டர் குழு, டெக்னீஷியன் குழு, பில்லிங் குழு என்று பிரித்து ஒரு தாளில் கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் மூத்த டெக்னீஷியன் அம்மா ஒருவர் கேட்டார்: "தம்பி, எங்க வீட்டுப் பொண்ணோ நானோ இங்கேயே டெஸ்ட் எடுத்துக்கிட்டா, அந்த ரிப்போர்ட்டை இங்க இருக்கிற அத்தனை பேரும் பார்க்கலாமா?"

என் தாளின்படி பதில், பார்க்கலாம் என்பதே. "டெக்னீஷியன் ரிப்போர்ட் பார்க்கலாம்" என்றால் எந்த ரிப்போர்ட்டையும் பார்க்கலாம். கர்ப்பமோ, எச்.ஐ.வி.யோ, அடுத்த நாள் டீ நேரத்துப் பேச்சாகிவிடும். இதற்குப் பயந்து ஊழியர்கள் வெளியூர் போய் டெஸ்ட் எடுப்பார்கள், இல்லை எடுக்காமலே இருந்துவிடுவார்கள். அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "இவருக்கு *இந்த ஒரு* பதிவின் மேல் அனுமதி உண்டா?" என்று கேட்டால் உனக்குப் பதில் சொல்லத் தெரியுமா?

ஜாங்கோவிடம் இப்படிக் கேட்கலாம், கேட்பதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் கூடவே வரும் ஏற்பாடு எந்தத் தனிப் பதிவைக் காட்டினாலும் "இல்லை" என்றுதான் சொல்லும். அந்த இடத்தை நாம் நிரப்ப வேண்டும். கார்டியன் என்ற துணைக்கருவி ஒவ்வொரு பதிவுக்கும் யார் யாருக்கு அனுமதி என்று டேட்டாபேஸிலேயே எழுதி வைக்கும். கோப்புப் பகிர்வு மாதிரியான வேலைக்கு அருமையானது. எங்களுக்கோ தினமும் குவியும் ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி வரிகள். போதாக்குறைக்கு, பதிவை நீக்கினாலும் அதன் அனுமதி வரி தானாகப் போகாது, நாம்தான் பெருக்க வேண்டும். அடுத்து, கூகுள் 2019-இல் ஸான்சிபார் என்ற தன் ஏற்பாட்டைப் பற்றி வெளியிட்ட கட்டுரையைப் பின்பற்றி வந்த ஸ்பைஸ்டிபி, ஓப்பன்எஃப்ஜிஏ போன்றவை. இன்னாருக்கும் இந்தப் பொருளுக்கும் இன்ன உறவு என்று சேர்த்து வைத்துப் பதில் சொல்பவை. கெட்டிக்காரக் கருவிகள்தான், ஆனால் தனி சர்வராக ஓட வேண்டும். அந்த மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள இருந்தது ஒரே ஒரு ஆள், அவரும் சிசிடிவி, பிரின்டர் எல்லாம் சேர்த்து.

ஆகவே ஜாங்கோவின் குழுக்களோடு 'ரூல்ஸ்' என்ற சிறு கருவியைச் சேர்த்தோம். நோயாளி இங்கே ஊழியரா? ஆமென்றால், சிகிச்சை தரும் டாக்டர், அந்த மாதிரியைக் கையாளும் டெக்னீஷியன், அந்த ஊழியர், மூவருக்கு மட்டும். அவசரமென்றால் கூடத்தின் தலைவர் காரணம் எழுதித் திறக்கலாம், திறந்தது பதிவாகும். விதியைப் படித்தாலே புரியும், டேட்டாபேஸ் வேண்டாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இது ஒரு பதிவைக் காட்டினால்தான் பதில் சொல்லும். தேடல் பக்கத்திலும் பட்டியலிலும் தானாக வடிகட்டாது, அதை நாம் தனியே எழுத வேண்டும். பூட்டிய ரிப்போர்ட்டின் பெயரும் டெஸ்ட்டும் பட்டியலில் தெரிந்தால் பூட்டி என்ன பயன்?

இன்னொன்று, சூப்பர்யூசர். ஜாங்கோவில் சூப்பர்யூசருக்கு எந்தக் கேள்விக்கும் பதில் "ஆம்"தான், நம் விதிகளைக் கேட்பதே இல்லை. டெமோவுக்குச் சௌகரியம் என்று அதிலேயே வாழ்பவர்கள் உங்களில் எத்தனை பேர்? (கை தூக்க வேண்டாம், ஹெச்ஓடி இருக்கிறார்.)

கருவியை நடத்துபவர் யார் என்றும் விசாரியுங்கள். ஸ்டார்ம்பாத் என்ற கட்டணச் சேவை 2017-இல் ஆக்டாவோடு சேர்ந்து, அதே வருடம் கதவைச் சாத்தியது. வாடிக்கையாளர்கள் சில மாதங்களில் வீடு மாற வேண்டியதாயிற்று. ரெயில்ஸ் உலகின் கேன்கேன் கவனிப்பாரற்றுப் போனபோது, மூல நிரல் திறந்திருந்ததால் மற்றவர்கள் 2014-இல் கேன்கேன்கேன் என்று எடுத்து நடத்தினார்கள். பெயர் வைப்பதில் மட்டும் அவர்கள் சிரமப்படவில்லை!

புராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒவ்வொரு ரோலுக்கும் இரண்டு பேரை உருவாக்குங்கள், ஒருவர் போதாது. முதல் ஆளாக உள்ளே போய், இரண்டாம் ஆளின் பதிவு எண்ணை முகவரியில் போட்டுப் பாருங்கள். திறந்தால் என்னிடம் வாருங்கள், சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் லேபில்தான் இருப்பேன்.