மந்தகாலத்தில் மாற்று வேலை



தொழில் மந்தம் தனி மனிதரின் குறையால் வருவதன்று. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்தது. அரசாங்க முதலீடு சுருங்கியது. இரயில் வேகன்களுக்கான ஆர்டர்கள் குறைந்தன. ஹௌராவின் பட்டறைகளில் வேலை அருகியது. அங்கே கடைசல் இயந்திரத்தை விட்டு வெளியேறியவர் வேலையை இழந்தாரேயன்றிக் கைத்திறனை இழந்தாரில்லை.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு, வேலை போயிற்று என்றதும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் கண்முன் நிற்கும். அக்கலக்கத்தில், நிர்வாகம் கேட்டவுடன் ராஜினாமாக் கடிதத்தில் கையொப்பமிட்டுவிடலாகாது. ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தரவேண்டும் என்கிறது சட்டம். மேலாளர்களுக்கு இது பொருந்தாது. தாமாக விலகியவருக்கும் இல்லை.

வருங்கால வைப்பு நிதியைச் சார்ந்த ஓய்வூதியத்திற்கு 10 ஆண்டுச் சேவை வேண்டும். இடையில் அந்தப் பணத்தை எடுத்துவிட்டால் முந்தைய சேவை கணக்கில் சேராது. ஆதலின் அதனைப் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்வதே நன்று.

இனி, தேடும் முறை. பழைய பதவியின் பெயரைச் சொல்லித் தேடுவதினும், செய்யத் தெரிந்ததைச் சொல்லித் தேடுவது மேல். கணக்கர் வேண்டாத நிறுவனத்திலும் சரக்கிருப்பைச் சரிபார்க்க ஆள் வேண்டியிருக்கலாம். தமிழோடு உள்ளூர் மொழியும் அறிந்தவர், தென்னாட்டோடு வாணிகம் செய்வோருக்குப் பயன்படுவார்.

வேலை போனதை மறைப்பதில் பெருமை ஏதுமில்லை. அண்டை அயலாருக்கும் பழைய தோழருக்கும் தெரிந்தாலன்றோ, காலியிடம் பற்றிய செய்தி நம்மைத் தேடி வரும்?