பத்துல ஒரு பங்கு குதிரை

இந்த எபிசோடை குன்னூர்ல, எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா மன்னிச்சிடுங்க.

போன மாசம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்துவிட்டார். பத்து பேர் சேர்ந்து பெங்களூர்ல ஒரு ரேஸ் குதிரை வாங்கப் போறாங்க. ஆளுக்கு ஒரு லட்சம். அதுக்கு மேல தீனி, ட்ரெய்னர், டாக்டர், லாடம் எல்லாத்துக்குமா மாசம் ஆளுக்கு நாலாயிரம். என் ஜிம் கட்டணத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த ஜிம்முக்கும் நான் போறதில்லை.

எனக்கு உடனே ஆசை வந்ததுக்குக் காரணம் ஊட்டி. குன்னூர்ல இருந்து பஸ்ல போய் ஊட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கினா பக்கத்துலயே ரேஸ் கோர்ஸ். சீசன்ல கிண்டியில இருந்து குதிரைகளை லாரியில மலை ஏத்திக் கொண்டு வருவாங்க. ஜெயிச்ச குதிரையோட கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓனர் நடந்து வர்றதை வேலிக்கு வெளிய நின்னு பார்த்திருக்கேன். சின்ன வயசுல எனக்கு அதைவிடப் பெரிய மனுஷனே கிடையாது.

1886-ல ஆரம்பிச்ச அந்த ரேஸ் கோர்ஸை, குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய்னு சொல்லி 2024 ஜூன்ல அரசு எடுத்துக்கிச்சு. 52.34 ஏக்கர். குத்தகை 1978-லயே முடிஞ்சு போயிருந்ததாம். ஊருக்கு நடுவுல அவ்வளவு நிலம் பொதுமக்களுக்கு வர்றது சரிதான்னு என் புத்தி சொல்லுது. மனசு மட்டும் இன்னும் வேலிக்கு வெளியவே நிக்குது.

சரி, பங்கு எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். கிளப்புல ஓனர்கள் பதிவு பண்ணணும். பரிசுப் பணத்துல ட்ரெய்னர், ஜாக்கி பங்கு போக மிச்சம்தான் ஓனர்களுக்கு. குதிரை ஜெயிக்கலைன்னாலும் தீனிச் செலவு நிக்காது. இதை முதலீடுன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. எங்க குரூப்பும் அப்படிச் சொல்லலை, "ஜாலிக்குத்தான் ப்ரோ"ன்னுதான் சொன்னாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்தது.

பங்கு போட்டு குதிரை வளர்க்கிறதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை டிரீம் அலையன்ஸ். வேல்ஸ்ல ஒரு பழைய சுரங்க ஊர். ஜான் வோக்ஸ்னு ஒரு பார் ஊழியர், 350 பவுண்டுக்கு ஒரு பெட்டைக் குதிரையை வாங்கி, அதோட குட்டியை ஊர்க்காரங்களோட சேர்ந்து வளர்த்தாங்க. ஆளுக்கு வாரம் 10 பவுண்டு. 2008-ல அவனுக்குக் கால் தசைநார் கிழிஞ்சு போச்சு. அந்த மாதிரி காயத்துக்கு நிறைய குதிரைகளைக் கொன்னுடுவாங்க. இவங்க அவன் சம்பாதிச்ச பணத்துல இருந்தே 20,000 பவுண்டு எடுத்து ஸ்டெம் செல் சிகிச்சை பண்ணாங்க. 2009 டிசம்பர்ல அவன் வெல்ஷ் கிராண்ட் நேஷனல் ஜெயிச்சான்.

கடைசியா ஆளுக்குக் கிடைச்சது 1,430 பவுண்டு. வாரம் 10-ன்னா வருஷத்துக்கு 520. மூணு வருஷத்துல கட்டுறதே அதைத் தாண்டிடும். ஆனா எனக்கு அந்தக் கணக்கு முக்கியமாப் படலை. கால் போனப்போ எல்லாரும் கூடி உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தாங்க இல்ல, அதுதான் முக்கியமாப் பட்டது.

இதையெல்லாம் உற்சாகமா அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். பீன்ஸ் நறுக்கிக்கிட்டே கேட்டாங்க: "ஏன்டா, அது ஓட முடியாம போச்சுன்னா யார் வீட்ல கட்டுவீங்க?"

பதில் இல்லை. ரேஸ் குதிரை ரெண்டு வயசுல ஓட ஆரம்பிக்கும். பெரும்பாலானவை ஏழெட்டு வயசுக்குள்ள நிறுத்திடும். ஆனா நல்லா பார்த்துக்கிட்டா 25 வயசு வரைக்கும் இருக்கும். அதாவது அஞ்சாறு வருஷம் ஓட்டம், அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷத்துக்கும் மேல வெறும் சாப்பாடு. சிலதை இனப்பெருக்கத்துக்கு எடுப்பாங்க, சிலது சவாரிப் பள்ளிக்குப் போகும். மத்தது? ஊட்டியில குப்பைத்தொட்டிகிட்ட மேயுற குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதுங்க பெரும்பாலும் டூரிஸ்ட் சவாரிக் குதிரைங்கதான், ரேஸ் குதிரை இல்லை. ஆனா ஓனர் கைவிட்டா எந்தக் குதிரைக்கும் அதே ரோடுதான்.

ஒப்பந்தத்தைத் திறந்து மறுபடி படிச்சேன். லாபம் எப்படிப் பிரியும், ஒருத்தர் விலகினா பங்கு யாருக்குப் போகும், வின்னர் போட்டோல யார் எங்க நிக்கணும் வரைக்கும் இருக்கு. (போட்டோவுக்கு ஒரு முழுப் பத்தி!) ஓட்டம் நின்ன பிறகு குதிரை யாருதுன்னு ஒரு வரி கூட இல்லை. நாங்க எழுதுற சாஃப்ட்வேருக்கே எப்போ நிறுத்தணும், டேட்டா எங்க போகணும்னு டாக்குமெண்ட் வைக்கிறோம்.

குரூப்ல கேட்டேன். "அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம் ப்ரோ"ன்னு ஒருத்தர். ஒரு தம்ஸ் அப். அப்புறம் அமைதி. நானே ஒரு விதி எழுதி அனுப்பினேன்: முதல் மாசத்துல இருந்தே ஆளுக்கு ஆயிரம் ரூபாய் தனி அக்கவுண்ட்டுக்கு; குதிரை ஓய்வு பெற்ற பிறகும் அதோட சாப்பாட்டுக்குப் பத்து பேரும் பொறுப்பு; எல்லாரும் கையெழுத்து போடாம விற்கவோ கொடுக்கவோ கூடாது.

நாலு பேர் விலகிட்டாங்க. ஒருத்தர் போகும்போது "நீ ஜாலியைக் கெடுத்துட்ட"ன்னு எழுதினார். தப்பில்லை, கெடுத்துட்டேன்தான்.

மீதி ஆறு பேருக்கு மாசம் எவ்வளவு வரும்னு இப்போ ஷீட்டை மாத்திக்கிட்டு இருக்கேன். ஜிம்மை நிறுத்தினாலும் கொஞ்சம் இடிக்குது. நீலகிரியில வயசான குதிரையை மாசக் கட்டணத்துக்குப் பார்த்துக்கிற இடம் யாருக்காவது தெரிஞ்சா மெயில் பண்ணுங்க. அம்மா மொட்டை மாடியைத் தர மாட்டேன்னு சொல்லிட்டாங்க.